கூடத்துச் சுவர்களும் சில உடைமைகளும்

ஆவணி 10, ஞாயிறு

வர்ணம் பூச வந்தவர்கள் சாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்திற்கு இளமஞ்சளும், முற்றத்துத் தாழ்வாரத்தில் இடுப்பளவுக்குக் காவியும் என்று நான் தீர்மானித்தபோது, வீடு முழுவதும் வெண்மையாக இருப்பதே நாகரிகம் என்று வாதித்த நண்பர், இன்று வந்து சுற்றிப் பார்த்து, அபிப்பிராயம் ஒன்றும் கூறாமல் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்ததையே அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வெண்மைமீது எனக்குத் துவேஷம் இல்லை. ஆனால், கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வர்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையின் சம்பந்தமே இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிற ஆத்தங்குடிக் கல், சிவப்பும் பச்சையுமாகத் தரை முழுவதும் பூத்திருக்கும்போது, சுவர் மட்டும் ஆஸ்பத்திரிச் சுவராக நின்றால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை ஏது?

ஆவணி 13, புதன்

அம்மாவின் லட்சுமி படத்தை இன்று சட்டத்திலிருந்து கழற்றித் துடைத்தேன். ராஜா ரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடத்தின் பெயர் அடியில் இன்னும் தெளிவாக இருக்கிறது. வர்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு வெளிவந்த அச்சித்திரங்களே, சமஸ்தானாதிபதிகளின் மாளிகைகளில் அடைபட்டிருந்த ஓவியத்தைச் சாமானியர் வீட்டு ஆணிக்குக் கொண்டுவந்தன. அந்த அச்சுக்கூடத்தை அவரே பின்னர் ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட நேர்ந்தது வேறு கதை.

எங்கள் படத்தின் விசேஷம் அச்சில் இல்லை. கிழிந்துபோன தன் கூறைப்புடவையிலிருந்து சரிகையைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தேவியின் புடவைக் கரைமேல் ஒட்டி, தாமரை இதழ்களின் விளிம்பில் சமிக்கிகளை ஒவ்வொன்றாகத் தைத்திருக்கிறாள் அம்மா. அக்காலத்துப் பெண்கள் பலர் செய்த வேலைதான். சரிகை கறுத்துவிட்டது, ஒரு தாமரையில் சமிக்கிகள் பாதிக்குமேல் உதிர்ந்து, ஊசி நுழைந்த துளைகள் மட்டும் வரிசை கலையாமல் நிற்கின்றன. புதிய சமிக்கி வாங்கித் தைத்துவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாமென்றேன். வெயில் பட்டால் வர்ணம் வெளிறிவிடும் என்பதால், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விடுத்து ஜன்னல் உள்ள சுவரிலேயே மாட்டி, சுவரின் ஈரம் படத்தைத் தொடாதிருக்கச் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகள் வைத்திருக்கிறேன்.

ஆவணி 17, ஞாயிறு

தஞ்சாவூர்ப் படத்துக்கு இடம் தேடுவதிலேயே பகல் கழிந்தது. பலாப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து ஆபரணங்களைப் புடைக்கச் செய்து, கண்ணாடிக் கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, மராட்டிய மன்னர்களின் ஆதரவில் தழைத்த அக்கலையின் சிருஷ்டிகள், எண்ணெய் விளக்கின் அரையிருட்டில் தரிசிக்க வேண்டியவை என்பது என் திடமான கருத்து. நேர் எதிரே மின்விளக்கைப் பொருத்திப் பார்த்தோம். பொன் முழுவதும் ஒரே தகடாக மின்னி, வெண்ணெய்க் கண்ணனின் முகத்தை மங்கச் செய்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து நடையிலிருந்து வரும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், பதக்கமும் வங்கியும் தத்தம் நிழலோடு எழுந்து நின்றன. கூடத்தின் உள்மூலையே அதற்கு இடமென்று முடிவாயிற்று. வருகிறவர்கள் கண்ணில் உடனே படாதே என்றார் நண்பர். படவேண்டாமே!

ஆவணி 18, திங்கள்

பத்தமடைப் பாயைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்கிறார் அவர். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, இழை இழையாக வகிர்ந்து, பட்டுத்துணி போல மடிக்கும்படி நெய்த பாய் அது, அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் சுவரேறிய பாயில் யார் படுப்பது? மத்தியானம் அதன்மேல்தான் தூங்கினேன்.

செஞ்சந்தன மரப்பாச்சி ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பேத்திக்கு எட்டுகிறபடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். நவராத்திரிக்கு முன் கொலுப் பெட்டியைத் திறப்பதாவது என்று மனைவி ஆட்சேபித்தாள். அவள் ஆட்சேபித்துக்கொண்டிருக்கும்போதே பேத்தி பெண் பொம்மைக்குப் பொட்டிட்டு முடித்து, மற்றதைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டாள். இரவு சாப்பாடு வரைக்கும் மனைவி என்னோடு பேசவில்லை.