எண்வகை விடையும் வினாநிரலும்: மும்பைத் தமிழரிடையே குழுக் களஆய்வு

களஆய்வு தமிழ்த் துறைகளுக்குப் புதியதன்று. நாட்டுப்புறப் பாடல்களையும் கதைகளையும் தொகுக்க முற்பட்டோர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பெரும்பாலும் தனியராகவே சிற்றூர்களுக்குச் சென்றனர். கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர் என்னும் அம்முறை மும்பையின் தாராவிக்குப் போதாது. சில சதுரக் கிலோமீட்டர் பரப்புக்குள் பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள், சௌராட்டிரத்துக் குயவர்கள், கோளி மீனவர்கள், வட இந்தியத் தொழிலாளர்கள் ஆகியோர் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். இங்குத் தமிழரைப் பற்றி அறிய விழையும் ஆய்வு, எண்ணிக்கை சார்ந்த கணக்கெடுப்பையும் உடனுறைந்து நோக்கும் இனவரைவியலையும் இணைத்துக் குழுவாகவே நிகழ்த்தப்பட வேண்டியுள்ளது. அவ்விணைப்பு எங்கே தேவைப்படுகிறது என்பதைத் தமிழிலக்கணமே தெளிவாக உணர்த்துகிறது.

நன்னூலார் விடையை எட்டாக வகுக்கிறார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. முதல் மூன்றும் வினாவுக்கு நேரான விடைகள்; எஞ்சிய ஐந்தும் நேராக அமையாவிடினும் விடைப்பொருளைத் தருவன. அச்சிட்ட வினாநிரலின் கட்டங்களோ முதல் மூன்றுக்கு மட்டுமே இடந்தருகின்றன. ‘ஆம்’, ‘இல்லை’, ‘இது’ என்பவற்றுக்கு அப்பால் அதற்குச் செவியில்லை.

தாராவியில் ‘இது உங்கள் சொந்த வீடா?’ என்று கேட்டால் என்னென்ன விடைகள் எழக்கூடும் என எண்ணிப் பார்க்கலாம். ‘நீங்களே பாத்து எழுதிக்கிடுங்க’ என்பது ஏவல். ‘சொந்தமில்லாமலா இருவது வருசமா இங்க கெடக்கோம்?’ என்பது வினா எதிர் வினாதல். ‘எழுபத்தாறுல போட்டோ பாஸ் குடுத்தாவ’ என்பது உற்றது உரைத்தல். ‘கணக்கெடுத்துட்டுப் போனா மாடிய இடிச்சிருவாவ’ என்பது உறுவது கூறல். ‘ஊர்ல வீடு இருக்கு’ என்பது இனமொழி. இவ்வைந்தையும் ‘விடையில்லை’ என்று குறித்துவிட்டு நகரும் கணக்கெடுப்பாளர், அவ்வீட்டின் வரலாற்றையே விட்டுவிட்டு வருகிறார்.

இவ்விடைகளுக்குப் பின்னால் கணக்கெடுப்புகளின் நீண்ட நினைவு உள்ளது. 1976இல் மகாராட்டிர அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து, அதில் இடம்பெற்றோருக்குப் புகைப்பட அட்டை வழங்கியது. அன்றுமுதல் ‘போட்டோ பாஸ்’ என்பது அம்மக்கள் நாவில் உரிமையின் பெயராயிற்று. அதே ஆண்டில் டிராம்பேயை அடுத்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை வளர்த்த அவர் 2018இல் மறைந்தார்.

1985இல் ஸ்பார்க் நிறுவனம் நடைபாதைவாசிகளின் பங்கேற்போடு ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ‘கண்ணுக்குப் புலப்படாத நாங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. அடுத்து, தாராவிக்கென நடுவணரசின் நிதித்திட்டம் வந்தபோது, அங்கு ஏறத்தாழ 55,000 குடும்பங்கள் வாழ்வதாக அரசுத் தரப்பு கருதியது. கூட்டமைப்பினரும் ஸ்பார்க்கும் தாராவி மக்களைக் கொண்டே எடுத்த கணக்கு, குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் எனக் காட்டியது. இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு நகரத்தளவு மக்கள் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்பவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னர் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே வேறு ஏற்பாடுகள் என விதிகள் அமைந்தன. ஆகவே, கையில் தாளோடு தெருவுக்குள் நுழையும் எவரும் அங்கு வெறும் ஆய்வாளராகப் பார்க்கப்படுவதில்லை. வீடு தருபவராகவோ பறிப்பவராகவோ பார்க்கப்படுகின்றனர். அவர் தமிழ் பேசுபவராயின் எதிர்பார்ப்பும் அச்சமும் ஒருங்கே மிகுகின்றன. இச்சூழலில் வினாவின் சொல்லமைப்பு ஒருவர் கணக்கில் இடம்பெறுவதையும் விடுபடுவதையும் முடிவுசெய்கிறது.

சில சொற்களை நோக்கலாம். ‘வீட்டுக்காரர் யார்?’ என்று பெண்ணொருத்தியிடம் கேட்டால் அவர் கணவரின் பெயரைச் சொல்லலாம். வாடகை வாங்குபவரின் பெயரையும் சொல்லலாம். இரண்டும் சரியான விடைகளே. ‘எத்தனை குடும்பம்?’ என்பதைவிட ‘எத்தனை அடுப்பு?’ என்பது தெளிவானது. பொதுச் சமையலில் உண்போரே ஒரு குடும்பம் என்பதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும் ஆகும். ஆயினும், விற்பனைக்கு இட்லி அவிக்கும் வீடுகளில் தொழிலுக்கான அடுப்பு தனியே இருக்கும். அங்கு ‘எத்தனை உலை?’ என்று மேலும் கேட்க வேண்டியுள்ளது.

‘சொந்த மாவட்டம்’ என்னும் வினாவும் எளியதன்று. திருநெல்வேலியிலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. முன்னரே புலம்பெயர்ந்தோர் நாவில் மூன்றும் ‘திருநெல்வேலி’யே. ஊர்ப் பெயரைக் கேட்டெழுதாத கணக்கெடுப்பு, இல்லாத ஒரு மாவட்டத்தைத் தன் அட்டவணையில் உருவாக்கிவிடும்.

சாதி பற்றிய வினா இதனினும் கடினமானது. 1970களின் தொடக்கத்தில் தாராவியில் வாழ்ந்த ஆதிதிராவிடரை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் ஓவன் லிஞ்ச், 1974இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்தம் அரசியல் திரட்சியையும் இன அடையாளத்தையும் இணைத்தே நோக்கினார். பிற மாநிலங்களிலிருந்து மகாராட்டிரத்தில் குடியேறிய பட்டியல் சாதியினர் அங்கு அதற்குரிய சலுகைகளைக் கோர இயலாது என உச்சநீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. ஆகவே, ஊரில் ஒரு பெயரும் மும்பைச் சான்றிதழில் மற்றொரு நிலையும் கொண்ட ஒருவர் இவ்வினாவுக்கு மௌனம் காப்பாராயின், அம்மௌனத்துக்குச் சட்டக் காரணமும் உண்டு.

இச்சிக்கல் தாராவிக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றிய மாட்டுங்காவில் தமிழர் வாழ்க்கை வேறு வகையினது. அங்குப் பழைய கட்டடங்களில் ‘பகடி’ முறையில் குடியிருப்போர், தொடக்கத்தில் பெருந்தொகை கொடுத்துக் குறைந்த வாடகை செலுத்திவருபவர்கள். சொந்தக்காரரும் அல்லர், வெறும் வாடகைதாரரும் அல்லர். ‘சொந்தமா, வாடகையா?’ என்னும் இரட்டைக் கட்டம் அங்கும் பொருந்துவதில்லை. செம்பூருக்கு அப்பால் சீட்டா கேம்ப்பில் ‘எந்த ஆண்டு வந்தீர்கள்?’ என்ற வினாவுக்கு, ‘நாங்க வரல, கொண்டுவந்து விட்டாங்க’ என்ற விடை எழலாம். உற்றது உரைத்தலாகிய அதனை ‘1976’ என்னும் எண்ணாகச் சுருக்கினால் எஞ்சுவது ஆண்டு மட்டுமே.

இவற்றுக்கெல்லாம் செவிசாய்க்க இயலுவது குழுவால்தான். இருவர் இருவராகச் செல்வதும், ஒருவர் வினாநிரலை நிரப்ப மற்றவர் விடை பிறந்த சொற்களையே குறிப்பேட்டில் எழுதுவதும் பயன்தரும். அவர்களுள் ஒருவரேனும் அத்தெருவினராக இருத்தல் நன்று. தமிழை வீட்டில் பேசியும் எழுதப் படிக்கக் கல்லாத இளைஞர் அங்குப் பலர். அவர்களால் நூல்வழக்கில் அச்சிட்ட வினாவைப் படிக்க இயலாது. ஆனால் அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரியும். பல்கலைக்கழக மாணவர் அவர்களிடமிருந்தே வினாவைக் கற்க வேண்டும். விடியலுக்கு முன் எழுந்து இட்லி விற்கச் சென்றவர் நண்பகலில் உறங்குவார். கோடை விடுமுறையில் ஊர்க் கொடைக்குச் சென்றவர் வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டை ‘ஆளில்லா வீடு’ என்று எழுதாதிருக்க உள்ளூரார் துணை வேண்டும். மாலைதோறும் குழு கூடிப் படிவத்தையும் குறிப்பேட்டையும் ஒப்புநோக்க, முரண்படும் இடங்களே மறுநாள் வினாக்களாகும்.

குழு சில செயல்களைத் தவிர்க்கவும் வேண்டும். கதவுகளில் எண்ணிடுதல், ஆவணங்களைப் படமெடுத்தல், தகவலாளரின் பெயரையும் வீட்டையும் ஒரே தாளில் எழுதுதல் ஆகியன அச்சூழலில் ஆய்வுச் செயல்களாகக் கொள்ளப்படமாட்டா. மேல்தளத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய கவனமற்ற குறிப்பு, பிறர் கைக்குச் சென்றால் அக்குடும்பத்துக்கு எதிரான சான்றாகக்கூடும். தொகுத்த எண்களை அத்தெருவிலேயே தமிழில் படித்துக் காட்டித் திருத்தம் கேட்பது, குடிசைவாழ்வோர் இயக்கங்கள் முன்னரே கைக்கொண்ட முறை. அதைப் பின்பற்றுவதால் ஆய்வின் தரம் குறைவதில்லை, பிழைகளே குறைகின்றன.

வினாநிரலின் ஒவ்வொரு வினாவுக்குக் கீழும் நான்கு வரி வெற்றிடம் விட்டு அச்சிடுதல் பெருஞ்செலவன்று. நன்னூலார் கூறிய எஞ்சிய ஐந்து விடைகளுக்கும் அங்கு இடமிருக்கும். தமிழ் பயின்ற களஆய்வாளர் பிற துறையினரின் கணக்கெடுப்புக் குழுக்களுக்கு முதற்கண் அளிக்கத்தக்க பங்களிப்பு இதுவே எனலாம்.