பெரியப்பாவின் திரையும் என் திரையும்

கணினித் திரையில் சாளரமொன்று எவ்வாறு தோன்றுகின்றது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. லினக்ஸ் போன்ற திறந்த மூலத் தளங்களில், சாளரங்களைத் திரைக்குக் கொணர்வதும் நாம் அழுத்தும் விசையை உரிய மென்பொருளிடம் சேர்ப்பதும் காட்சி முறைமை எனப்படும் ஓர் அடிப்படை ஏற்பாட்டின் பணி. நெடுங்காலம் அப்பணியை ஆற்றியது எக்ஸ். 1984இல் மாசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே தோன்றி, 1987இல் பதினோராம் பதிப்பாகி, இன்றும் அப்பதிப்பெண்ணோடே வழங்குவது. அதன் இடத்தைக் கொள்ளவென 2008இல் கிறிஸ்தியன் ஹொக்ஸ்பெர்க் தொடக்கி வைத்தது வேலண்ட். இவ்விரண்டில் எதைக் கொள்வது என்னும் வினா வங்காலையில் எங்கள் வீட்டிலே எழுந்தது. எழுப்பியது ஒரு கூத்துக் கொப்பி.

பெரியப்பா இளைப்பாறிய ஆசிரியர். தம் தந்தையார் அண்ணாவியாராக நின்று ஆட்டுவித்த நாடகத்தின் கொப்பியைச் சில ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்து வருகிறார். தாள் தொட்டால் உதிர்கின்றது. மை மங்கிய அடிகளைத் தம் நினைவிலிருந்தே நிரப்புகிறார். அந்நினைவு வேறெவரிடமும் இல்லை. வலக்கை விரல்கள் முன்போல மடங்காமையால் அவருக்கொரு சிற்றேற்பாடு செய்து கொடுத்திருந்தேன். ஒரு விசைக்குப் பாத்திரத்தின் பெயர் முழுதும் விழும், இன்னொன்றுக்கு ‘விருத்தம்’, மற்றொன்றுக்கு ‘தரு’. ஒரு மென்பொருள் மற்றொன்றின் சாளரத்துட் புகுந்து தானே எழுத்துக்களைத் தட்டுவதுதான் இதன் சூட்சுமம். எக்ஸ் அதற்குத் தடை சொல்வதில்லை.

தடை சொல்லாமையே அதன் பெருங்குறையும் ஆகும். ஒரே திரையைப் பகிரும் எந்த மென்பொருளும் பிறிதொன்றில் அழுத்தப்படும் விசைகளை ஒட்டுக்கேட்கலாம். வங்கிக் கடவுச்சொல்லும் விலக்கன்று. வேலண்ட் சாளரங்களுக்கிடையே மதில் எழுப்பிற்று. அது நியாயமே. பழையதே போதும் என்போர் பெரும்பாலும் பழக்கத்தைத்தான் பாதுகாக்கின்றனர் என்பது என் எண்ணம். ஆயினும் பெரியப்பாவின் கணினியில் வேலண்டைப் பரீட்சித்த அன்று, “மகன், தரு விழுகுதில்லை” என்றார். மதிலுக்குக் கள்வனும் உதவியாளனும் ஒன்றுதான். அனுமதி பெற்று நுழையும் வாயில்களும் அமைக்கப்பட்டு வருகின்றன. ஆனால் அவை மேசைத்தளத்துக்கு மேசைத்தளம் வேறுபடுகின்றன.

காலமும் நெருக்குகின்றது. 2025 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, தன் இயல்பான க்னோம் மேசைத்தளத்தில் எக்ஸ் அமர்வை நீக்கிவிட்டது. 24.04 பதிப்பிலோ அது உண்டு. அப்பதிப்புக்கான வழமையான ஆதரவு 2029 வரை நீடிக்கும். எனவே வங்கி அலுவலும் மின்னஞ்சலும் நடக்கும் என் கணினியில் வேலண்ட். பெரியப்பாவினதில் 24.04உம் எக்ஸும், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். ஒட்டுக்கேட்கும் மென்பொருள் வந்து சேரும் வழியும், கேட்டதை வெளியே அனுப்பும் வழியும் அதனாற் பெரிதும் அடைபடுகின்றன. களவாடத்தக்க கடவுச்சொல்லும் அங்கில்லை. அவர் எழுதியதை ஞாயிறுதோறும் நான் பிரதியெடுத்து வைக்கிறேன். இதற்கிடையில், அந்தச் சிற்றேற்பாட்டை இரு முறைமைகளுக்கும் பொருந்தும் தமிழ் உள்ளீட்டு முறையாக மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

நாடகம் இரண்டு இரவுக்குரியது. முதலாம் இரவு முடியப் பெரியப்பாவுக்கு இன்னும் பதினொரு பக்கங்கள் உள்ளன.