கொல்லிமலையில் ஒரு ஐரிஷ் ரொட்டி

செம்மேட்டுல ஈஸ்ட் தேடி அலையறதை விட சும்மா இருக்கலாம். ஆனா ஆப்பசோடா எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும், புளிச்ச மோர் தங்கியிருந்த வீட்லயே இருந்துச்சு. அயர்லாந்து சோடா ரொட்டிக்கு அது போதும் மக்கா.

அந்த ஊர்க் கோதுமை மென்மையான ரகம். குளுட்டன்ங்கிற பசைப்புரதம் கம்மி, ஈஸ்ட்டுக்குச் சரிப்பட்டு வராது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சோடா உப்பு கைக்கு வந்ததும், வெண்ணெய் எடுத்த மோரை ஊத்தி ரொட்டி சுட ஆரம்பிச்சாங்க. மோரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்தா கரியமில வாயு கிளம்பும், அது மாவைத் தூக்கிடும். அடுப்புகூட நம்ம பிரியாணி தம் மாதிரிதான். மூடி போட்ட இரும்புச் சட்டி, கீழயும் மேலயும் கங்கு.

பசையில்லாத மாவுக்கான ரொட்டின்னா ராகிக்கும் ஆகணுமே? ராகியில குளுட்டன் அறவே கிடையாது. அதனால முழுக்க ராகி போடாம, 200 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் ராகி மாவு, ஒரு டீஸ்பூன் சோடா, முக்கால் டீஸ்பூன் உப்பு. ரெண்டு கைப்பிடி உலர்திராட்சை, பொடியா நறுக்கின பேரீச்சை. கால் லிட்டர் மோர். சப்பாத்தி மாதிரி அடிச்சுப் பிசையக் கூடாது, ரொட்டி கல்லாயிடும். சேர்த்து உருட்டி, மேல சிலுவை மாதிரி ஆழமா கீறி, உடனே சட்டிக்குள்ள. லேட் பண்ணா வாயு போயிடும். கீறினா நடுவுலயும் வேகும். குட்டித் தேவதைங்க வெளிய போக வழின்னு அயர்லாந்துல ஒரு கதை உண்டு. கொல்லிப்பாவை இருக்கிற மலையில நான் அதுக்கெல்லாம் சிரிக்கலை :)

முக்கால் மணி நேரம். தட்டினா 'டொக் டொக்'னு சத்தம் வந்துச்சுன்னா வெந்தாச்சு.

வீட்டுப் பாட்டி, "களியைச் சுட்டு வச்சிருக்கியா தம்பி?"ன்னாங்க. ராகிக்களின்னா ஓடற பேரன் முதல்ல திராட்சையை மட்டும் நோண்டித் தின்னான். அப்புறம் மிச்சத்தையும்.

பாட்டி காட்டுல இப்ப பாதிக்கு மேல குச்சிக்கிழங்கு. கீழ ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது, கையில காசு வருது. ராகி வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு. சாமையை விட்டு ரொம்ப நாளாச்சாம். பாரம்பரியம் போச்சேன்னு கீழேர்ந்து வர்ற நாம புலம்பறது சுலபம். ராகியை அப்படியே அரைச்சுடலாம். சாமைக்கு உமி போகணும், உலக்கையில குத்திக் குத்திப் பொம்பளைங்க தோள்தான் போகும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில சிறுதானிய வேலையில இறங்கினப்போ உமி நீக்கற மெஷினையும் கொண்டு வந்தது சும்மா இல்ல.

மறுநாள் ரொட்டி காஞ்சுடும். தோசைக்கல்லுல வாட்டி மலைத்தேன் தடவிக்குங்க. நாங்க அப்படித் தின்னுக்கிட்டிருந்தப்போ பாட்டி கேட்டாங்க: "சாமை மாவுலயும் வருமா?"

"வரும் பாட்டி."

"குத்தறது யாரு, நீயா?"