நேரு ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்துப் பருவம்

அக்டோபர் 26, 2018
சென்னை சிட்டி எப்.சி.யின் ஐ-லீக் பருவம் இன்று நம் கோவை நேரு ஸ்டேடியத்தில் தொடங்கியது. போன இரண்டு பருவங்களிலும் எட்டாம் இடத்தில் முடித்த அணி. இன்று இந்தியன் ஆரோஸ் இளைஞர்களை 4-1 என்று வீழ்த்தியது. பெட்ரோ மான்சி மட்டும் மூன்று கோல். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கண்மூடித்தனமாகத் தூக்கி அடிக்காமல், பின்வரிசையிலிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தை நகர்த்தப் பழக்கியிருக்கிறார். "ஏனுங்க, இது மெட்ராஸ் டீம்தானுங்களே?" என்று கேட்ட பக்கத்து இருக்கைப் பெரியவர், ஆட்டம் முடிவதற்குள் "நம்ம பசங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 2019, பொங்கல் சமயம்
ஈஸ்ட் பெங்காலை நவம்பரில் கொல்கத்தாவிலேயே வென்றோம். இப்போது கோவையிலும் வென்றாயிற்று. நெஸ்டர், சாண்ட்ரோ போன்ற ஸ்பானியர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் மாநிலத்துப் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஆடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

மார்ச் 1, 2019
கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோல்வி. வென்றிருந்தால் இன்றே பட்டம் உறுதியாகியிருக்கும். இனி மிச்சமிருப்பது ஒரே ஆட்டம், அதுவும் நம் ஊரில்.

மார்ச் 9, 2019
எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டோம். அதே நேரத்தில், பட்டத்துக்கு நம்மைத் துரத்தி வந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஆடிக்கொண்டிருந்தது. கேலரியில் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்கோரையும் பார்த்தபடி இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் மான்சி சமன் செய்தார். இந்தப் பருவத்தில் அவருக்கு 21 கோல். பிறகு டிபன்டர் கௌரவ் போரா இரண்டு அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. 43-க்கு 42. ஒரே புள்ளியில் பட்டம் நமக்கு! நவம்பரிலும் பொங்கலிலும் அவர்களை வென்றதன் அருமை இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வெல்வது இதுவே முதல் முறை.

சில ஆண்டுகளுக்குப் பின்
அந்த அணி இப்போது ஐ-லீக்கில் இல்லை. ஆனால் அன்று பார்க்க வந்த கூட்டம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியைக் கட்டிக்காத்து அந்த விளையாட்டை வளர்த்த ஊர் இது. கால்பந்துக்கும் அதைச் செய்ய முடியும். பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பள்ளி மைதானங்களிலிருந்து பையன்களும் பெண்பிள்ளைகளும் ஏறிவர ஒரு படிக்கட்டு வேண்டும்: வயதுவாரியான லீக், சம்பளம் தந்து அமர்த்திய பயிற்சியாளர், வருடம் தவறாத போட்டி. அப்படி இங்கேயே வளரும் அணிதான் ஊரோடு நிற்கும். கோப்பை வாங்கிய ஊர் இதைக் கேட்டு வாங்கவும் வேண்டும்.