குச்சியோடு வரும் வெள்ளை ஈ

கனடாவின் ஒன்டாரியோ பசுங்குடில்களுக்குக் கோடையில் பாயின்செட்டியா என்ற அலங்காரச் செடியின் குச்சிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தாய்ச்செடிகள் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும். வேர் கிடையாது, நுனியும் நாலைந்து இலையும்தான். கிறிஸ்துமஸுக்குள் சிவந்தாக வேண்டும்.

கூடவே பெமிசியா டபாசி என்ற வெள்ளை ஈயும் வரும். நம் மரவள்ளியிலும் உளுந்திலும் தேமல் நோய் பரப்புகிறதே, அதே கூட்டம். முட்டையும் குஞ்சும் இலையின் அடியில் ஒட்டிக்கிடப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

மருந்து அடித்தால் போகாதா? தாய்ச்செடித் தோட்டத்தில் அடித்த மருந்துக்கெல்லாம் தப்பியவைதான் குச்சியில் வருகின்றன. 2004 கடைசியில் அரிசோனாவில் பாயின்செட்டியாவில் கண்டெடுத்த 'க்யூ' வகை, பைரிப்ராக்சிஃபென் உட்படப் பல மருந்துகளைத் தாங்கிக்கொண்டது. இலையில் தங்கும் மருந்தோ, வெள்ளை ஈயை அழிக்கப் பின்னால் விடப்படும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொல்லும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

மருந்து தவிர வேறு வழிகளும் உண்டு. மெத்தில் புரோமைடு புகை: ஓசோனைக் கெடுப்பதால் வளர்ந்த நாடுகள் 2005-இல் பொதுப் பயன்பாட்டை நிறுத்தின. குவாரன்டைனுக்கு விலக்கு உண்டு. சட்டம் விட்டாலும் பிஞ்சுக் குச்சி அந்தப் புகையைத் தாங்க வேண்டுமே.

வெந்நீர்: ஹவாயில் செவ்விஞ்சிப் பூவை 49 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முக்குவார்கள். அது தடித்த பூ. மெல்லிய இலைக்குப் பூச்சி சாகும் சூட்டுக்கும் இலை வேகும் சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஒன்டாரியோவின் வைன்லேண்ட் ஆய்வு மையத்தார் வேறு வழி பார்த்தார்கள். நடுவதற்கு முன் குச்சியை முழுசாக, 0.5 சதவீதப் பூச்சிக்கொல்லி சோப்பும் பூச்சியைக் கொல்லும் பிவேரியா பேசியானா பூஞ்சையும் கலந்த நீரில் முக்கி எடுத்தார்கள். தெளிப்பு எட்டாத இலையடிக்கும் கரைசல் போய்ச் சேர்ந்தது. முக்கிய குச்சிகளில் இருந்த பூச்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பிழைத்தன. மீதியைக் குளவி பார்த்துக்கொள்ளும். சோப்பு அதற்கு எமனாக இலையில் தங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஒரே தொட்டி நீரில் குச்சிகளை மாற்றி மாற்றி முக்கினால் பாக்டீரியா அழுகல் பரவலாம்.

ஒரு பூச்சிகூட நுழையக் கூடாது என்னும் நாடுகளுக்கு இது மட்டும் போதாது. அங்கே பூச்சி தென்பட்ட சரக்கை ஒழித்துக்கட்டவும் நேரும். குளவி விட்டு வளர்ப்பவருக்கோ இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். வெளியிலிருந்து குச்சி தருவிக்கும் எவரும், முக்காமல் நட வேண்டாம். பழைய செடிகளுக்கு அருகே வைக்கவும் வேண்டாம்.