அடுத்த பக்கத்தை மறைக்கும் அட்டை

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அது. "அந்தப் பக்கம் அப்படிச் சொல்லிக்கொடுக்கிற ஒரு அக்கா இருக்காங்க. கதைய முடிக்கவே விடமாட்டாங்க, போய்ப் பாருங்க" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னதால்தான் நான் அந்தப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போனேன்.

திண்ணையில் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவின் கையில் பழைய காலண்டர் அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. அவருடைய தொழிலுக்கு அது ஒன்றுதான் கருவி. பக்கத்தைத் திருப்பியதும் படத்தை அட்டையால் மூடிவிடுகிறார்.

அன்றைய புத்தகம் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை. ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொல்கிறார். புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகிறது. புழு துளைத்த இடத்திலெல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை. பிள்ளைகளின் விரல் அதற்குள் போகாமல் இருக்குமா?

"வெள்ளிக்கிழம என்ன தின்னும்?"

"அஞ்சு மாம்பழம்!"

"எத வச்சு சொல்ற?"

நேற்று நாலு, அதனால் இன்று அஞ்சு. இதுவரை தின்றதெல்லாம் பழம், அதனால் இதுவும் பழம். அட்டை விலகியது. ஐந்து ஆரஞ்சு! மாம்பழம் சொன்னவன் முகம் வாடவில்லை, எண்ணிக்கையும் பழமும் சரிதானே. சனிக்கிழமைக்கு மொத்தத் திண்ணையும் "ஆறு!" என்று கத்தியது. வந்ததோ கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் என்று பத்துப் பண்டம். திண்ணையில் ஒரே கூச்சல். அதற்குள் ஒரு சிறுமி, "அதுக்கு வயிறு வலிக்கப் போவுது" என்றாள். கதையிலும் அப்படித்தான் வலிக்கிறது.

காக்கா வடை கதையை அக்கா இதற்குத் தொடுவதில்லை. முடிவு எல்லாருக்கும் மனப்பாடம். அதில் ஊகிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

அட்டை வந்த கதையை அவரே சொன்னார். அவருடைய மகன் இரண்டாம் வகுப்பில் தடங்கலில்லாமல் வாசிப்பானாம். ஆடு கிணற்றில் விழுந்ததையும் அம்மா சந்தைக்குப் போனதையும் ஒரே குரலில். என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பான். ஒருநாள் எரிச்சலில் அடுத்த பக்கத்தைக் கையால் மறைத்து, "இப்ப சொல்லு, ஆடு என்னாவும்?" என்று கேட்டிருக்கிறார். அவன் முந்தைய பக்கத்தைத் திருப்பி, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தானாம்.

இதே 'ஊகி, வாசி, சரிபார்' முறையை அமெரிக்கக் கல்வியாளர் ரஸ்ஸல் ஸ்டாஃபர், கம்பளிப்புழு பிறந்த அதே 1969இல் எழுதிவைத்தார். 1984இல் பாலின்சார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாசித்துப் புரிந்துகொள்ள உதவும் நான்கு உத்திகளில் ஒன்றாக ஊகித்தலைச் சேர்த்தார்கள். அக்கா இவர்களைப் படித்ததில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. ஒரு பிள்ளையின் பையில் தனியார் கைடு ஒன்று இருந்தது. 'அடுத்து என்ன நடக்கும்? ஊகித்து எழுதுக' என்ற கேள்விக்குக் கீழேயே விடை அச்சாகியிருந்தது. ஊகத்துக்கும் விடை விற்கிறார்கள்! தன்னார்வலருக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அவர் மாலை முழுக்க உட்கார்ந்து கிளப்பிவிடும் யோசனையை, அந்த இரண்டு வரி விடை ஊற்றி மூடிவிடுகிறது. பெற்றோரும் காசு கொடுத்து அதைத்தான் வாங்குகிறார்கள். மதிப்பெண் அதில் இருப்பதாக அவர்களை நம்பவைத்தது யார்?

அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. அக்காவுக்கு அவை பிடிக்கும், ஒரே ஒரு குறையோடு. பின்வரிசைக்குப் படம் தெரிவதில்லை. படம் தெரியாதவர்கள் முன்வரிசை சொல்வதையே திருப்பிச் சொல்கிறார்கள். அதனால் ஒரே கதையை இரண்டு அணிக்குத் தனித்தனியாகச் சொல்கிறார். முதல் அணி முடிவை உளறிவிடக் கூடாது என்று அவர்களைத் தெருவில் விளையாட அனுப்பிவிடுகிறார். புழுக் கதை சொன்ன அன்று அவர்களில் ஒருவன் மட்டும் தெருவிலிருந்து "பத்து, பத்து!" என்று கத்திக்கொண்டே இருந்தான்.