ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். சர்ச் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயாச்சு. காலியான பார்க்கிங்கில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நாலு நிற்கின்றன. 26 அடி நீள டிரெய்லர் ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒரு பிக்கப் டிரக் அந்தக் கூம்புகளுக்கு நடுவே பின்பக்கமாக வருகிறது. ஓட்டுவது 62 வயது அம்மா ஒருவர். ஒரு கூம்பு 'டப்' என்று விழுகிறது. ஓரமாக நிற்கும் கணவர் வாயைத் திறக்கிறார். "ஒண்ணும் சொல்லாதே" என்று ஜன்னல் வழியாகக் குரல் வருகிறது. அவர் திறந்த வாயை மூடிக்கொள்கிறார் :-)

இவர்களுக்குப் பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட ஜோடிகள் அந்த நாட்டில் ஊருக்கு ஒன்றாவது தேறும். அவர் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 64. அந்த அம்மா வங்கியில் கணக்கு பார்த்தவர். சொந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு பழைய டிரெய்லரைச் செப்பனிட்டு, வருடம் முழுக்க அதிலேயே வாழப்போகிறார்கள். அங்கே இதற்கு 'ஃபுல்டைமிங்' என்று பேர். இது டூர் இல்லை. டூர் என்றால் திரும்பி வர ஒரு வீடு இருக்கும். இவர்களுக்கு அது இருக்காது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டிரெய்லர் என்றதும் நெல் மூட்டை ஏற்றும் டிராக்டர் டிரெய்லரை நினைத்துவிடாதீர்கள். இது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே உண்டு. மொத்த இடம் 200 சதுர அடிக்கும் குறைவு. இவர்கள் வாங்கியது ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் 1966 மாடல். பளபளவென்று, வெள்ளி மாத்திரைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

ஏர்ஸ்ட்ரீமை ஆரம்பித்தவர் வாலி பையம், வருடம் 1931. 1936-ல் வந்த 'கிளிப்பர்' மாடலின் விலை அப்போது 1,200 டாலர். விமானத்துக்குச் செய்வது போலவே, அலுமினிய விலா எலும்புகள் மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்யும் கூடு அது. 1952-ல் ஓஹையோவில் ஜாக்சன் சென்டர் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார்கள். 1969-ல் நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ 11 வீரர்கள் மூன்று பேரையும், கிருமி ஏதும் கொண்டு வந்திருப்பார்களோ என்ற பயத்தில், மாற்றியமைத்த ஒரு ஏர்ஸ்ட்ரீமுக்குள்தான் அடைத்து வைத்தார்கள். நிலவுக்குப் போனவர்களுக்கே அதுதான் வீடு என்றால், பேருந்து மெக்கானிக்குக் கசக்குமா?

சரி, கதைக்கு வருவோம். 2022-ல் வாங்கினார்கள். ஒரு பண்ணை வயலின் மூலையில் இருபது வருடமாகக் கிடந்த வண்டி. காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் தெரியும். கணக்குப் புத்தகத்தில் எப்போதோ பூஜ்யமாகிப்போன சொத்து அது. ஆனால் புத்தகத்தில் பூஜ்யமானது வயலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

வெளியே பளபளப்பு. உள்ளே? தரையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால், ஊறவைத்த ரஸ்க் மாதிரி இறங்கியது. பழைய ஏர்ஸ்ட்ரீம்களில் இதுதான் பெரிய நோய். அலுமினியக் கூடு ஒரு பிளைவுட் தரையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஜன்னல் ரப்பர் வழியாகவும் ரிவெட் இடுக்கு வழியாகவும் கசியும் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, அந்த ஓரத்தைத்தான் முதலில் தின்னும். சுவருக்குள் இருந்த கண்ணாடிப் பஞ்சில் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. சக்கர அச்சில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் தண்டுகள். அவையும் வயதாகி இறுகிப்போயிருந்தன. கை கழுவுகிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டியே கிடையாது. அந்தக் காலத்தில் நேராக வெளியே விட்டுவிடுவார்களாம். இன்றைக்கு முகாம்களில் அப்படி விட முடியாது.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார்கள். புதுத் தரை, புது அச்சு, புதுத் தொட்டி. அதில் ஒரு வேலை மட்டும் இரண்டு பேர் இல்லாமல் நடக்காது, ரிவெட் அடிப்பது. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வால் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரு தட்டு தட்டினால் "அடி", இரண்டு தட்டினால் "சரியாகிவிட்டது". முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டதே இல்லை என்று அந்த அம்மா பின்னால் சொல்லிச் சிரித்தாராம்.

அடுத்தது சாமான். இங்கேதான் வங்கிக்காரம்மா நோட்டைத் திறந்தார். புது அச்சுகள் தாங்கும் எடை 6,000 பவுண்டு. செப்பனிட்ட காலி வண்டி 4,300. மிச்சம் 1,700. அதில் 30 கேலன் தண்ணீர் 250 பவுண்டு. சமையல் வாயு 60. பேட்டரிகள் 120. ஆக, இரண்டு பேரின் வாழ்க்கை முழுவதற்கும் 1,270 பவுண்டு, அதாவது சுமார் 576 கிலோ. மூன்று பெட்ரூம் வீடு, மாடி அறை, கராஜ் எல்லாம் அந்த 576 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

பாத்ரூமில் உடம்பு எடை பார்க்கும் மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பொருளாக ஏற்றி, நோட்டில் எழுதினார். அவருடைய டூல் பெட்டி 140. அந்த அம்மாவின் தையல் மெஷின் 30. மாமியார் கொடுத்த இரும்பு வாணலி 8. புத்தகங்கள்... வேண்டாம், அந்தச் சண்டையை எழுதினால் பதிவு முடியாது. போட்டோ ஆல்பங்கள் பதினோரு பெட்டி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். எதை எடுத்துப் போவது என்பதை ஆசை முடிவு செய்யவில்லை, பவுண்டு முடிவு செய்தது.

1954-ல் 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. லூசில் பாலும் டெசி அர்னாஸும் நடித்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி டிரெய்லரில் கிளம்பும். மனைவி போகிற இடமெல்லாம் ஞாபகத்துக்குக் கல் பொறுக்குவாள். எடை ஏறுகிறது, தூக்கிப் போடு என்பான் கணவன். அவள் போடாமல் ஒளித்து வைப்பாள். அந்தக் கற்களோடு மலைப்பாதையில் ஏறுவதுதான் படத்தின் பெரிய காட்சி. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. எடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மொத்த எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. டிரெய்லரின் முன் கொக்கி டிரக் மேல் அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடிக் கொக்கி லேசாகிவிட்டால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். வால் ஆடினால் டிரக்கும் சேர்ந்து ஆடும். அதனால் லாரிகள் எடை போடும் நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார்கள். டூல் பெட்டி பின்னாலிருந்து முன்னால் வந்தது. அதில் பாதி, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனது.

பிறகு முகவரி. வீடு இல்லாதவர்களுக்கு லைசென்ஸ், வரி, ஓட்டு எல்லாம் எந்த ஊரில்? இதே சிக்கலில் இருந்த ஜோவும் கே பீட்டர்சனும், கணவன் மனைவி, 1978-ல் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். தலைமையிடம் டெக்ஸஸில் லிவிங்ஸ்டன். உறுப்பினர்களுக்கு அங்கே ஒரு முகவரி கிடைக்கும். வருகிற கடிதங்களை, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைப்பார்கள். டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது என்பது கூடுதல் லாபம். மருத்துவத்துக்கு 65 வயதில் மெடிகேர். அதிலும் உள்ளூர் மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பந்தம் போட்ட தனியார் திட்டத்தில் சேர்ந்தால், ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு உதவாது. நாடு முழுக்கச் செல்லும் அரசின் நேரடித் திட்டத்தையே எடுப்பது என்று முடிவானது. நோட்டில் ஒவ்வொரு வரியாக டிக் விழுந்துகொண்டே வந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஒரு ராத்திரி, இருவரும் 'நோமேட்லேண்ட்' பார்த்தார்கள். ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்த படம், 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டை இழந்து, வேன்களில் வாழ்ந்து, பருவ வேலைகளுக்கு அலைந்த முதியவர்களைப் பற்றியது அந்தப் புத்தகம். படத்தின் நாயகி ஃபெர்னின் கணவர் இறந்துபோயிருப்பார். அவள் தனியாக வேனை ஓட்டிக்கொண்டு போவாள்.

கணவர் சொன்னார், "நல்லவேளை, நாம் விரும்பித்தான் போகிறோம். வேறு வழியில்லாமல் இல்லை."

அந்த அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு ஓட்டத் தெரிந்திருந்தது" என்றார்.

அவ்வளவுதான். நோட்டில் இல்லாத வரி அது. நாலு வருட வேலையில், எடை, டயர், காப்பீடு எல்லாம் பேசியவர்கள், இதை மட்டும் பேசவில்லை. எங்கோ அரிசோனா பாலைவனத்தில், ஒரு காலையில், இரண்டு பேரில் ஒருவர் எழுந்திருக்கவில்லை என்றால்? வீட்டில் அது நடந்தால் பக்கத்து வீடு இருக்கும், தெரிந்த தெரு இருக்கும். அங்கே ஒரு டிரக்கும், அதன் பின்னால் 26 அடி அலுமினியமும்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறுதான் அந்தக் கூம்புகள் வந்தன.

ரிவர்ஸ் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கை வைக்க வேண்டும். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். அதோடு கொக்கி மாட்டுவது, வாயுக் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, டயர் ஓரத்தில் இருக்கும் நாலு எண்களைப் படிப்பது (3521 என்றால் 2021-ன் 35-வது வாரத்தில் செய்தது) எல்லாம் அந்த அம்மா கற்றுக்கொண்டார்.

அவருக்கும் பாடம் இருந்தது. தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் கூட அவருக்குத் தெரியாது. மனைவி டப்பாவில் போட்டு வைப்பார், இவர் விழுங்குவார். வங்கிக் கணக்குக்கு பாஸ்வேர்ட் தெரியாது. எந்த மாதம் எந்தக் காப்பீடு கட்ட வேண்டும் என்று தெரியாது. பெரிய பெரிய பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர், 62 வயது அம்மா முன்னால் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு டியூஷன் பையன் மாதிரி உட்கார்ந்தார்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு விசித்திரமான தயாரிப்பு. 200 சதுர அடிக்குள் இருவரும் ஒட்டி வாழப்போகிறார்கள். அதற்கு முன்னால், ஒருவர் இல்லாமல் இன்னொருவர் சமாளிக்கப் பழகிக்கொள்கிறார்கள். அது தெரியாமல் கிளம்பினால், வண்டியில் ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் லக்கேஜ். லக்கேஜையும் அந்த 576 கிலோவில்தான் சேர்க்க வேண்டும் :-)

அன்றைக்கு மதியம் மூன்றாவது முயற்சியில் டிரெய்லர் நாலு கூம்புகளுக்கும் நடுவில் நேராக வந்து நின்றது. அந்த அம்மா எஞ்சினை அணைத்து இறங்கினார். கணவர் கை தட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்த அம்மா கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இப்போ நீ. பேரைச் சொல்லு."

நாலில் மூன்று சொன்னார். வீட்டை ரெஜிஸ்டர் செய்து கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நாலாவதும் வந்துவிடும்.

இந்தப் பதிவைப் படிப்பவர்கள் யாரும் வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரில் போகப்போவதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கரண்ட் பில் எங்கே கட்டுவது, எல்.ஐ.சி. பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியுமா? தன் பிரஷர் மாத்திரையின் பெயர் அப்பாவுக்குத் தெரியுமா? இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பாருங்கள்.